வேறொரு படகின் கிரேடிலை நம் பாய்மரப் படகுக்குப் பொருத்துவது: மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

படகு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், வீடு மதுரையில் என்று இருப்பவர்களுக்கு ஐப்பசி நெருங்கும்போது ஒரே கவலைதான். வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுக்கப் படகை நங்கூரத்தில் விட்டுவைக்க மனசு வராது. கரையேற்றி, ஊர்ப்பக்கம் கொண்டுவந்து, தோட்டத்திலோ கொட்டகையிலோ நிறுத்த வேண்டும். அடியில் கீல், அதாவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம், உள்ள பாய்மரப் படகு மணலில் தானாக உட்காராது. அதற்கென்று ஒரு இரும்புத் தாங்கி வேண்டும். படகுக்காரர்கள் கிரேடில் என்பார்கள். நம் பட்டறைகளில் ஸ்டாண்டு என்றால் புரிந்துகொள்வார்கள்.

மதுரைப் பக்கம் கிரேடில் செய்து பழகிய பட்டறை எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் வேறு ஏதோ படகுக்காகச் செய்த பழைய கிரேடில் ஒன்றைத் தூத்துக்குடியில் பிடித்து, மதுரைக்குக் கொண்டுவந்து, வெட்டி ஒட்டிப் பொருத்தினேன். கேட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் அலைந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் படகு ஜே 24 வகை. நீளம் 7.32 மீட்டர், அகலம் 2.71 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 1.22 மீட்டர், எடை சுமார் 1,400 கிலோ. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். உங்கள் படகு வேறாக இருந்தால் எண்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். படகின் எடையைத் தாங்க வேண்டியது கீல். இரண்டு பக்கமும் நிற்கும் தாங்கிகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான். தேரின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இருக்கும், முட்டுக்கட்டை அதை நகராமல் பிடிப்பதோடு சரி. இங்கேயும் அப்படித்தான். பட்டறைக்காரருக்கு இதைத்தான் முதலில் விளங்க வைக்க வேண்டும். அவர் கண்ணுக்குப் பக்கத்துக் கால்கள்தான் படகைச் சுமப்பதாகத் தெரியும்.

1. வாங்கும்போது அடிச்சட்டத்தை மட்டும் பாருங்கள்

பழைய கிரேடிலில் மேலே நிற்கும் கால்கள் வளைந்திருக்கலாம், உயரம் பொருந்தாமல் இருக்கலாம், படகைத் தொடும் மெத்தைப் பலகையான பேடு பிய்ந்து தொங்கலாம். கவலை வேண்டாம், அவற்றை எப்படியும் வெட்டத்தான் போகிறோம். காசு கொடுப்பது அடிச்சட்டத்துக்கு.

அடிச்சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது அகலம். என்னுடையது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 2.2 மீட்டர். இந்த அளவுப் படகுக்கு 2 மீட்டருக்கும் குறைவானதை நான் தொடமாட்டேன், காற்றுக்கு நிற்காது. அடுத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். மூன்று, நான்கு என்றால் எப்போதோ கிரேனிலிருந்து விழுந்த சாமான் என்று அர்த்தம்.

துருவை மேலிருந்து பார்த்தால் தெரியாது. சட்டத்தைப் புரட்டிப் போடச் சொல்லி, மண்ணில் பதிந்து கிடந்த அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். உளுத்துப்போனது மொத்தென்று கேட்கும், செதில் செதிலாக உதிரும். சதுரக் குழாயில் செய்ததைவிட, ஒரு பக்கம் திறந்த சேனல் இரும்பில் செய்தது மேல். குழாய்க்குள் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். சேனலில் ஒளித்து வைக்க இடமில்லை.

மோட்டார் படகுக்குச் செய்த ஸ்டாண்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள் இருக்கும், நடுவில் எடை தாங்கக் குறுக்குச் சட்டமே இருக்காது. கீல் படகுக்கு அது ஆகாது. விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. விலையும் காகிதமும்

பழைய கிரேடில் எடைக்குத்தான் போகும். எனக்கு 280 கிலோ, கிலோ 40 ரூபாய் என்று முடிந்தது, ஆக 11,200 ரூபாய். தூத்துக்குடியிலிருந்து திரும்பி வரும் லாரியில் ரிட்டர்ன் லோடாகப் போட்டதால் வாடகை 4,000 ரூபாயோடு நின்றது. தனி வண்டி பேசியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதிதாகச் செய்தால் 250 கிலோ போதும். இரும்பும் கூலியும் சேர்த்துக் கிலோ 110 ரூபாய் வாக்கில் எனக்குச் சொன்னார்கள், அது 27,500 ரூபாய். பழையதில் வாங்கிய விலை, லாரி, கூடுதல் இரும்பு சுமார் 60 கிலோ, வெட்டி ஒட்டும் கூலி 7,000 என்று கூட்டினால் 26,000 ரூபாயைத் தாண்டும். கால்களின் மேல் வரும் திருகு ஜாக்கி, பேடு, பெயின்ட் இரண்டுக்கும் பொது. ஆக, பழையது என்றால் பாதி விலையில் முடியும் என்ற எண்ணத்தோடு யாரும் இறங்க வேண்டாம். கிலோ 45க்கு மேல் கேட்டால் புதிதாகவே செய்துகொள்ளலாம். பிறகு ஏன் பழையது? ஒரு படகு நின்று பார்த்த சட்டம் கண்முன்னே இருக்கும். கிரேடிலையே பார்த்திராத பட்டறைக்காரரிடம் வெறும் படத்தைக் காட்டிப் புரியவைப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். என்னுடையது கால்வனைஸ் செய்த, அதாவது நாகம் பூசிய, கனமான சேனல் என்பதும் ஒரு காரணம்.

எடை மேடையில் முதலில் காலி லாரி, அப்புறம் சாமானோடு, இரண்டு சீட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். விற்பவர் சொல்லும் எடையில் கீழே கிடக்கும் பழைய மரக்கட்டையும் சேர்ந்திருக்கும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு எடை போடுங்கள்.

ரசீதில் வெறும் 'இரும்புச் சாமான்' என்று எழுத விடாதீர்கள். 'படகு நிறுத்தும் பழைய இரும்பு ஸ்டாண்டு ஒன்று', எடை, தொகை, தேதி, விற்பவர் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டை நகல் வேண்டும். துறைமுக வளாகத்துக்குள்ளிருந்து வரும் சாமானாக இருந்தால் கேட் பாஸ் நகல் கட்டாயம். வழியில் போலீஸ் நிறுத்தி 'இது எங்கே எடுத்தது?' என்று கேட்டால் காட்ட இந்தக் காகிதங்கள்தான் இருக்கும். கடையில் வாங்கும் இரும்புக்கும் பட்டறை வேலைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சொன்ன விலையில் அது சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

3. படகை அளப்பது

இந்த வேலையில்தான் நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பட்டறை வேலை சீக்கிரம் முடியும். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை வைத்து வெட்டச் சொல்லாதீர்கள். பழைய படகுகளில் கீலை ஒட்டி யாராவது பூசியிருப்பார்கள், சுக்கான் மாறியிருக்கும். உங்கள் படகையே அளங்கள்.

படகு கரையில் தற்காலிக முட்டுகளில் நிற்கும்போது போங்கள். கையில் வேண்டியவை: டேப், தூக்குக் குண்டு, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப், சாக்பீஸ், பெயின்டர் ஒட்டும் மாஸ்கிங் டேப், பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி நான்கைந்து. கூட ஒரு ஆள் வேண்டும்.

முதலில் படகை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடது பக்க விளிம்பும் வலது பக்க விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் டியூபால் பாருங்கள். முன்னும் பின்னும் பார்க்க, படகில் வரைந்திருக்கும் நீர்க்கோடு உதவும். முழு மட்டம் வராவிட்டால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும், பிறகு கழித்துக்கொள்ளலாம்.

அடுத்து கீல். அதன் அடிப்பாகத்தின் நீளம், முன்னால் அகலம், பின்னால் அகலம், அடி நேர்மட்டமா, சரிவா. சரிவு என்றால் எத்தனை மில்லிமீட்டர். படகின் மூக்கிலிருந்து கீலின் முன்விளிம்பு எத்தனை தூரம் என்பதைத் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறித்து அளங்கள். கிரேடிலின் குறுக்குச் சட்டங்கள் வரும் இடத்தை இந்த அளவுதான் முடிவுசெய்யும்.

இப்போது பக்கத்துத் தாங்கிகள் எங்கே தொட வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். படகின் தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஜே 24 படகின் உடல் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் பல்சா மரம் வைத்தது. வெறும் தோல் உள்ள இடத்தில் தாங்கி அழுத்தினால் உள்ளே மரம் நசுங்கும், தோலும் மரமும் பிரியும். வெளியே லேசான பள்ளமாகத் தெரியும்போது உள்ளே காரியம் கெட்டிருக்கும். தாங்கி படகுக்குள் இருக்கும் குறுக்குத் தடுப்புக்கு நேராக வர வேண்டும். ஒருவர் உள்ளே போய்த் தடுப்பை ஒட்டி ரப்பர் சுத்தியலால் தட்டட்டும், வெளியே இருப்பவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்து மாஸ்கிங் டேப் ஒட்டட்டும். வெளியிலிருந்து நாணயத்தால் தட்டினாலும் வித்தியாசம் தெரியும். தடுப்பு உள்ள இடம் கட்டிமுட்டியாகவும், இல்லாத இடம் பறைபோலவும் கேட்கும். நான்கு இடம் கட்டாயம் வேண்டும், ஆறு கிடைத்தால் நல்லது.

அந்த இடங்களில் தண்ணீர் வெளியேறும் துளை, ஆழமானி, வேகமானி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேன் பெல்ட் விழும் இடத்தையும் ஒதுக்குங்கள். தாங்கியும் பெல்ட்டும் ஒரே இடத்தில் என்றால், படகை இறக்கிய பிறகு பெல்ட்டை உருவவே முடியாது.

கடைசியாக அட்டை மாதிரி. டேப் ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும், படகின் நடுக்கோட்டிலிருந்து வெளியே பத்துப் பத்துச் சென்டிமீட்டருக்குத் தரையில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் படகின் அடிவரை உயரத்தை அளந்து எழுதுங்கள். அந்த உயரங்களை அட்டையில் குறித்து, வளைவாக வெட்டி, படகில் வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரியும் இடத்தைச் செதுக்குங்கள். ஒட்டி உட்காரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பொறுமையான வேலை. சரியானதும் ஒவ்வொரு அட்டையிலும் 'இடது முன்', 'வலது பின்' என்று பெரிதாக எழுதி, நடுக்கோடு எந்தப் பக்கம் என்று அம்பு போடுங்கள். பட்டறையில் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது சர்வசாதாரணம். முடிந்தால் அட்டையை வைத்து 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இன்னொன்று வெட்டிக்கொள்ளுங்கள், வெல்டிங் பொறிக்கு அட்டை தாங்காது.

4. பட்டறையைப் பேசி முடிப்பது

கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் இரும்பு வேலைப் பட்டறைகள் நிறைய. கேட்டும் கிரில்லும் மட்டும் செய்யும் கடைக்குப் போகாதீர்கள். லாரி பாடி, கொட்டகைச் சட்டம், டிராக்டர் டிரெய்லர் செய்பவர்களைப் பாருங்கள். அவர்களுக்குப் பாரம் எப்படி இறங்கும் என்று கை சொல்லும்.

கூலி பேசும்போது கிலோ கணக்கு வேண்டாம். இந்த வேலையில் வெட்டுவது அதிகம், சேர்ப்பது குறைவு. கிலோ கணக்கில் பேசினால் அவர் தேவையில்லாத இரும்பைச் சேர்ப்பார், இல்லையென்றால் வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். மொத்தமாக ஒரு தொகை, அல்லது நாள் கூலி. நான் முதலில் போன இடத்தில் மாதிரி அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நான்கு பேடையும் தரைக்கு மட்டமாக ஒட்டி வைத்திருந்தார்கள். 'படகு உட்கார்ந்தால் அதுவே சரியாகிவிடும்' என்றார்கள். அங்கிருந்து சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதிரிப் பதில் வந்தால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

தோட்டத்திலேயே வைத்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கே இருப்பது விவசாய இலவச மின் இணைப்பு என்றால் அதில் வெல்டிங் மிஷினைப் போடக் கூடாது. மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆவது பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு, 12 மாதம் வரை பின்னோக்கிக்கூடக் கணக்குப் போடலாம். சேதாரம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு, அதாவது இடம் கொடுத்த மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ. ஜெனரேட்டரோடு வரும் வெல்டிங் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது, அதைக் கூப்பிடுங்கள்.

5. வெட்டுவதும் ஒட்டுவதும்

முதலில் கீலுக்கான இடம். கீலின் அடி குறைந்தது இரண்டு குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். என் கிரேடில் நீளமான கீல் உள்ள படகுக்குச் செய்தது, குறுக்குச் சட்டங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. ஒன்றை அறுத்து நெருக்கி வைத்து, கூடுதலாக ஒன்று சேர்த்தோம். நாலு இஞ்சு சேனல், ஐஎஸ் 2062 தரம், மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. 1,400 கிலோ படகுக்கு இது தாராளம்.

பக்கத்துக் கால்களுக்கு இரண்டு இஞ்சு 'சி' கிளாஸ் பைப். அதன் மேல் திருகி உயர்த்தும் ஜாக்கி வேண்டும். வெளிநாட்டுக் கிரேடில்களில் இதற்கென்று தனிச் சாமான் வரும், நாம் அதைத் தேடி அலைய வேண்டாம். கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கப் பயன்படும் திருகு ஜாக்கி போதும், ஒன்று 600 ரூபாய் வாக்கில். உள்ளே குழலாக இருப்பதை ஒதுக்கி, கெட்டிக் கம்பியில் மரை வெட்டியதாக எடுங்கள். பைப்பின் உள்விட்டம் சுமார் 51 மில்லிமீட்டர், ஜாக்கிக் கம்பி 38 என்றால் உள்ளே ஆடும். லேத் பட்டறையில் இடைவெளியை அடைக்கும் வளையமாக ஒரு புஷ் கடைந்து இறக்கிவிட்டால் ஆடாது.

கால்களின் உயரத்தை வெட்டும்போது, படகு உட்கார்ந்த நிலையில் ஜாக்கி பாதியில் நிற்குமாறு கணக்கிடுங்கள். அப்போதுதான் மேலும் கீழும் திருக இடம் இருக்கும். கம்பி பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காலின் உயரம் தவறு, ஜாக்கியை வைத்து அதைச் சரிக்கட்டக் கூடாது. காலின் மேல்முனை லேசாகப் படகுப் பக்கம் சாயுமாறு நிறுத்தி, படகின் தோலுக்குச் செங்குத்தாக அழுத்துமாறு வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடிச்சட்டத்திலிருந்து சாய்வாக ஒரு ஆங்கிள் முட்டு, மூலையில் 6 மில்லிமீட்டர் முக்கோணத் தகடு.

எல்லாவற்றையும் முதலில் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். பிளைவுட் மாதிரியைக் கால்களின் மேல் வைத்து, நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, ரசமட்டம் பிடித்துப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். ஒரு பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சாதாரண 6013 ராடு, 3.15 மில்லிமீட்டர் போதும்.

கால்வனைஸ் செய்த சட்டமாக இருந்தால் ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று இஞ்சுக்கு நாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெல்டிங்கில் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு அன்று ராத்திரி காய்ச்சலும் குளிரும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், திறந்த வெளியில் காற்று வரும் பக்கம் நின்று ஒட்டச் சொல்லுங்கள்.

6. பேடும் கீல் பலகையும்

பேடு ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 19 மில்லிமீட்டரில் இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். ஜாக்கியின் தலையில் இருக்கும் யூ வடிவக் காதுகளில் ஒரு போல்ட்டைக் குறுக்கே விட்டு அதில் பேடை மாட்டினால், படகின் சரிவுக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்ளும்.

மேலே ஒட்டக் கார்ப்பெட் துண்டு போதும். பழைய டயரை வெட்டிப் போடலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். கருப்பு ரப்பர் படகின் வெள்ளைப் பூச்சில் கறையாக ஏறி நின்றுவிடும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. கார்ப்பெட்டுக்கு ஒரே குறை, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பலகையில் நான்கைந்து துளை போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை துண்டை மாற்றுங்கள்.

கீலுக்கு அடியில் இரண்டு இஞ்சு கனத்தில் வேம்பு அல்லது வாகைப் பலகை. கீலின் அடி சரிவாக இருந்தால் பலகையை அந்தச் சரிவுக்கு இழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், சின்னச் சின்ன ஆப்பு வைத்து ஒப்பேற்ற வேண்டாம். இரு ஓரமும் கட்டை அடித்தால் கீல் நழுவாது. படகின் மூக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கலாக நிற்கும்படி பலகையை அமையுங்கள். உட்காரும் பள்ளத்தில் விழும் மழைத்தண்ணீர் பின்பக்கத் துளை வழியாக வடிந்துவிடும்.

பலகை, பேடு, கார்ப்பெட் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்.

7. பெயின்ட்

கம்பி பிரஷ் போட்டு, ஜிங்க் சேர்ந்த எப்பாக்ஸி பிரைமர் ஒரு கை, மேலே எப்பாக்ஸி பெயின்ட் ஒரு கை. மதுரையிலேயே நிற்கப் போகிறது என்றால் ரெட் ஆக்சைடு போதும். கிரேடிலும் கடற்கரைக்குப் போய்வரும் என்றால் போதாது. பைப்பின் மேல்வாயை மூடினால் அடியில் ஒரு வடிகால் துளை விட மறக்க வேண்டாம்.

8. எப்போது தொடங்குவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும் நேரம் அது. மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ கிரேனும் வெல்டரும் படகுத் தச்சரும் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் வாய்க்கு வந்த கூலி கேட்பார்கள். ஜூலையில் அளவு எடுத்து, ஆகஸ்டில் பட்டறையில் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொன்னால் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்குப் பிறகு தீபாவளி வரைக்கும் பட்டறையில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். அக்டோபர் தொடக்கத்தில் படகு தோட்டத்தில் நிற்க வேண்டும்.

9. லாரியில் ஏற்றிக் கொண்டுவருவது

மண்டபத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். தூரம் பிரச்சினை இல்லை, அகலமும் உயரமும்தான் பிரச்சினை. வாகனத்தின் அகலம் 2.6 மீட்டர் வரைதான் இருக்கலாம். ஜே 24 படகோ 2.71 மீட்டர். பக்கவாட்டிலோ உயரத்திலோ வரம்பு மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், சாமானை இறக்கிவைக்கும் செலவும் சேர்ந்து வரும். அதனால் கூடுதல் அகலத்துக்கான அனுமதியோடு லோ-பெட் என்னும் தாழ்வான மேடை லாரி ஓட்டும் ஆட்களிடமே பேசுங்கள். 'நாங்க பார்த்துக்கிறோம் சார்' என்ற வாய்வார்த்தையோடு விடாமல், அனுமதிச் சீட்டின் நகலை வண்டி கிளம்பும் முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு வரம்பு 4 மீட்டர். கீலிலிருந்து கேபின் கூரை வரை, அதோடு கிரேடில் சட்டம், லாரி மேடை என்று கூட்டிப் பாருங்கள். சாதாரண லாரியில் இழுத்துப் பிடித்து வரும், லோ-பெட்டில் கவலை இல்லை. பாய்மரத்தைக் கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

வண்டியோடு வர வேண்டிய காகிதங்கள்: படகு வாங்கிய ரசீது, கிரேடில் ரசீது, படகு நின்ற யார்டின் வெளியேற்றச் சீட்டு, லாரியின் ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட். படகின் உடலில் இருக்கும் எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிக்குத் தடை உள்ள சாலைகள் உண்டு. தோட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் ரிங் ரோட்டிலேயே சுற்றிப் போகச் சொல்லுங்கள்.

10. கிரேடிலில் படகை இறக்குவது

ஹைட்ரா கிரேன் போதும். எங்களுக்குக் குறைந்தபட்ச வாடகை 6,000 ரூபாய். கிரேன் அவர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கு ஓடும். எனவே, கிரேடில் மட்டம் பார்த்து, ஜாக்கிகள் அடிவரை இறக்கி, தயாராக இருந்த பிறகுதான் போன் போட வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடமாக இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

தூக்க இரண்டு அகலப் பெல்ட். முன் பெல்ட் மூக்குப் பக்கம் வழுக்கும், அதனால் இரண்டையும் கயிற்றால் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டுங்கள். மேலே குறுக்குச் சட்டம் கொடுக்கவில்லை என்றால் பெல்ட் படகின் விளிம்புகளை உள்ளே நெரிக்கும். ஜே 24 படகுகள் பலவற்றில் கீல் போல்ட்டோடு சேர்த்து ஒரே கொக்கியில் தூக்கும் ஏற்பாடு உண்டு. இருந்தால் வசதிதான், ஆனால் அந்தப் போல்ட்டுகளின் துருவைப் பார்க்காமல் தூக்க விடாதீர்கள்.

கீலைப் பலகையில் இறக்கி, கிரேன் இன்னும் பாரத்தில் கொஞ்சம் பிடித்திருக்கும்போதே நான்கு ஜாக்கியையும் கையால் திருகிப் படகைத் தொடவிடுங்கள். எதிரெதிர் ஜாக்கிகளை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருக வேண்டும். கையால் இறுகியதும் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். இப்போது கிரேனை மெல்லத் தளர்த்தச் சொல்லிவிட்டு, யாரையாவது கேபினுக்குள் அனுப்பி உள்ளே இருக்கும் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். முன்னால் சுலபமாக மூடிய கதவு இப்போது உரசினால் ஏதோ ஒரு பேடு படகை அழுத்துகிறது என்று அர்த்தம். அந்தப் பேடுக்கும் தோலுக்கும் நடுவே செய்தித்தாள் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல் ஆனால் இறுக்கமாக வந்தால் சரி, அசையவே இல்லை என்றால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். எதிரெதிர் கால்களைச் சங்கிலியால் அடியில் இணைத்துவிட்டுத்தான் கிரேனை விட வேண்டும். மறுநாள் காலையில் மறுபடியும் எல்லா ஜாக்கியையும் தொட்டுப் பாருங்கள், பலகை அமுங்கியதில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

11. நிறுத்தும் இடம்

திருமங்கலம், காரியாபட்டிப் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதில் வெறுமனே கிரேடிலை வைத்தால் கார்த்திகையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அரை அடிக்குத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்கி, நான்கு மூலைக்கும் நடுக் குறுக்குச் சட்டங்களுக்கும் அடியில் கல் பலகை கொடுங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் உடைசல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். செம்மண் நிலம் என்றால் இவ்வளவு வேண்டாம், தண்ணீர் ஓடும் வழியில் வைக்காமல் இருந்தால் போதும். மரப் பலகைகளுக்குக் கறையான் மருந்து அடிப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், புயல் காலத்துக் காற்று அதைவிட மோசம். 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்து உள்மாவட்டங்கள் வரை மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். படகின் நீளவாட்டம் காற்று வழக்கமாக வரும் திசையைப் பார்த்து நிற்கட்டும். தென்னைக்கும் புளியமரத்துக்கும் அடியில் நிழல் கிடைக்கிறதே என்று நிறுத்த வேண்டாம்.

வெயிலுக்குத் தார்ப்பாய் அவசியம், சித்திரை வெயிலில் படகின் பூச்சு வெளுத்துவிடும். ஆனால் அதன் கயிற்றைக் கிரேடிலின் கால்களிலோ ஜாக்கியிலோ கட்டாதீர்கள். காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஜாக்கியை ஆட்டி மரையைத் தளர்த்தும். படகின் வயிற்றுக்கு அடியில் கயிற்றைச் சுற்றிக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக் கயிற்றோடு கட்டுங்கள், அல்லது மணல் மூட்டைகளைத் தொங்கவிடுங்கள். ஏணியைப் படகில் சாய்த்தால் மேலே ஒரு கட்டுக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். முதல் கனமழைக்குப் பிறகு தண்ணீர் டியூபை எடுத்துக்கொண்டு போய் நான்கு மூலையும் மட்டம் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் படகு ஏறிய கிரேடிலைக் கடப்பாரையால் நெம்ப வேண்டாம், ஹைட்ராவைக் கூப்பிட்டுப் படகை லேசாகத் தூக்கிப் பிடித்த பிறகுதான் கல்லைச் சரிசெய்ய வேண்டும்.